ஏட்டிலிருந்து கணினிக்கு: செவிலியர் குறிப்பின் சரித்திரம்

சங்கரன்கோவிலைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களில், கக்கத்தில் நீண்ட பதிவேட்டை இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறியிறங்கிய கிராம சுகாதாரச் செவிலியரை அறியாத தாய்மார் அரிது. கருவுற்ற மாதம், இரத்த அழுத்தம், தடுப்பூசி என மையால் கட்டம் கட்டமாக நிரம்பிய அவ்விவரங்கள், இன்று 'பிக்மி' என்னும் அரசுக் கணினித் தொகுப்பில் ஏறுகின்றன. கருவி புதிதாயினும், குறிப்பெழுதுவதற்குரிய ஒழுக்கம் மிகப் பழையது.

சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1871-இல் தொடங்கிய செவிலியர் பயிற்சியும், வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1909-இல் நிறுவி, 1946-இல் பட்டக் கல்லூரியாக உயர்ந்த பள்ளியும் நம் மாகாணத்தில் அவ்வொழுக்கத்தை வளர்த்த ஸ்தாபனங்கள். வார்டில் மூத்த சிஸ்டரின் அருகில் நின்று, நாடியும் சுவாசமும் காய்ச்சலும் சார்ட்டில் குறிக்கக் கற்ற மாணவிக்கு முதலில் உபதேசிக்கப்பட்ட விதி ஒன்றுண்டு: பிழையாக எழுதியதைச் சுரண்டி அழிக்கலாகாது, பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அடுத்த ஷிப்டில் வருபவள், தான் காணாத நேரத்தை அக்குறிப்பைக் கொண்டே அறிய வேண்டியவளல்லவா?

ஆயினும், மாணவியின் தடுமாற்றத்தை உயிருள்ள நோயாளி தாங்க நேர்வது நியாயமன்று என்ற எண்ணத்தால், அமெரிக்காவின் ஹார்ட்போர்டு ஆஸ்பத்திரியில் 1911-இல் 'திருமதி சேஸ்' என்ற ஆளுயரப் பொம்மை பயிற்சிக்கு வந்தது. கைத்திறனுக்கு அது உதவிற்று. ஆனால் அந்தப் பொம்மைக்குக் கேஸ் ஷீட் இல்லை. அக்குறையைத் தீர்ப்பதே, பயிற்சிக்கெனக் கணினியில் அமைந்த இன்றைய பாவனைப் பதிவேடு.

கற்பனை நோயாளி ஒருவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை உண்டென்று கணினியில் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்க, வேறொரு பக்கத்தில் ஆம்பிசிலின் ஊசிக்கு உத்தரவு இருக்கும். இரண்டையும் ஒப்புநோக்கி, மருந்தை நிறுத்தி, மருத்துவருக்கு அறிவித்து, நேரத்துடன் அதைப் பதிவதே மாணவியின் பரீட்சை. அவள் திருத்தினாலும் முந்தைய பதிவு மறைவதில்லை. யார், எப்போது எழுதினார் என்பதுடன் அது உள்ளே நிற்கிறது. பழைய ஒற்றைக் கோட்டின் தர்மம் இவ்வாறு புது உருவில் தொடர்கிறது.

மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கு மத்திய அரசு 2013-இல் வகுத்த நெறிகள் 2016-இல் திருத்தம் பெற்றன. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் அறிவித்த விதிகள் சுகாதாரத் தகவலியலைப் பி.எஸ்சி. மாணவர்க்குத் தனிப்பாடமாக்கின. சங்கரன்கோவில் போன்ற ஊர்களுக்குச் சேவை செய்யப் புறப்படும் செவிலியர்க்கு இப்பயிற்சி அத்தியாவசியம். விசைகளைத் தட்டும் வேகத்தைச் சில நாளில் எவரும் அடைந்துவிடலாம். கண்டதைக் கண்டவாறு, உரிய நேரத்தில், தன் பெயரிட்டு எழுதும் சத்தியத்தையே ஆசிரியர் முதற்பாடமாக வைக்க வேண்டும்.