விலையை உறைய வைத்த 90 நாளும் ஓர் அலுவலகத்தின் உள்வலையும்



உங்களில் பலர் அலுவலகம் போனதும் முதலில் திறப்பது ஸ்லாக்கோ டீம்ஸோதான். ஓர் அலுவலகத்துக்குள் எல்லோரும் எழுதி எல்லோரும் படிக்கும் இந்த ஏற்பாடு செல்போன் காலத்தில் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மூத்த அண்ணன் 1971-இல் அமெரிக்காவில் பிறந்தது. பிறக்கக் காரணம் விலைவாசி!

1971 ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு. அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் பேசினார். டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது பாடப்புத்தகத்தில் இருக்கும். அதே உரையில் இன்னொன்றும் உண்டு: 90 நாளுக்கு விலை, கூலி, வாடகை எதுவும் ஏறக்கூடாது. இதை நடத்தும் வேலை அவசரகால ஆயத்த அலுவலகம் என்ற சிறு துறையின் தலையில் விழுந்தது. புயல், வெள்ளம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தலைமை வாஷிங்டனில், வட்டார அலுவலகங்கள் 10.

கேள்விகள் குவிந்தன. பதப்படுத்தாத விளைபொருளுக்கு விலக்கு என்றால், எதுவரை பச்சைப்பொருள்? ஒரு வாத்தியாராக என்னை இழுத்தது ஆசிரியர் சம்பளம். புதிய கல்வியாண்டுக்கு உயர்வு பேசி முடித்தாயிற்று. ஆனால் பல இடங்களில் பள்ளி திறக்கவில்லை. உயர்வு உண்டா, இல்லையா? டெக்சாஸ் ஆளுநர் பிரஸ்டன் ஸ்மித் கொடுத்தே தீருவேன் என்று முரண்டு பிடித்துப் பிறகு இறங்கி வந்தார். ஒரு மாநிலத்தில் ஒரு பதில், பக்கத்து மாநிலத்தில் வேறு பதில் என்றால் அரசின் சொல்லுக்கு என்ன மரியாதை?

அந்தத் துறையில் இருந்தவர் மர்ரே டுராஃப், இயற்பியல் படித்தவர். தூரத்தில் இருப்பவர்களிடம் கணினி வழியாகக் கருத்துக் கேட்கும் முறையை 1970-லேயே செய்து பார்த்திருந்தார். அந்த அனுபவத்தை வைத்து அவசர அவசரமாக உருவாக்கியதுதான் 'எமிசரி'.

தட்டச்சுப் பொறி போன்ற ஒரு முனையம் தொலைபேசிக் கம்பி வழியே மையக் கணினியோடு பேசும். வாஷிங்டன் எடுத்த முடிவை எல்லா வட்டாரமும் படிக்கலாம், கேட்கலாம். ஒரே நேரத்தில் பலர் உரையாட 'பார்ட்டி லைன்' என்று ஒரு பகுதி. அமெரிக்கக் கிராமங்களில் பல வீடுகள் ஒரே தொலைபேசிக் கம்பியைப் பகிர்ந்துகொண்டதற்கு அந்தப் பெயர். இன்றைய குரூப் சாட்டின் முன்னோடி அது.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. அதில் ஏறும் ஒவ்வொரு புள்ளிவிவரத்துக்கும் பொறுப்பானவர் யார் என்பதும் அதனோடு இருக்கும். சந்தேகம் வந்தால் அவருக்கே நேரே எழுதலாம், மேலதிகாரி வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை. நம் ஊர்ச் சுற்றறிக்கைகளை நினைத்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்வோம், திருப்பி ஒரு கேள்வி கேட்க வழி இருக்காது.

90 நாள் நவம்பர் 13-இல் முடிந்தது. விலைக் கட்டுப்பாடு மட்டும் வேறு வேறு வடிவங்களில் 1974 ஏப்ரல் வரை இழுத்தது. மூடியை எடுத்ததும் விலைகள் பொங்கின. கொள்கை தோற்றதுதான், அதற்கு எமிசரி என்ன செய்யும்? செய்தியைக் கொண்டுசெல்வதுதானே அதன் வேலை.

அந்தத் துறையையே 1973-இல் கலைத்துவிட்டார்கள். டுராஃப் நியூஜெர்சியில் பேராசிரியர் வேலைக்குப் போய், அங்கே இன்னும் பெரிய கணினி மாநாட்டு அமைப்பைக் கட்டினார். சமூகவியலாளர் ஸ்டார் ராக்ஸேன் ஹில்ட்ஸோடு சேர்ந்து 1978-இல் 'தி நெட்வொர்க் நேஷன்' என்ற நூலை எழுதினார். கணினி என்றால் கணக்குப் போடும் இயந்திரம் என்றே பெரும்பாலோர் நினைத்த காலம் அது. 2022-இல் காலமானார்.

ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகள் சொல்லுங்கள்: உங்கள் அலுவலகக் குழுவில் ஒருவர் ஓர் எண்ணைப் போட்டால், அதற்கு யார் பொறுப்பு என்று தெரிகிறதா? நேரே கேட்க முடிகிறதா?