முன்கச்சேரி: மேடை வரிசையின் அரசியல்

கச்சேரி விளம்பரத் தட்டியில் பெயர்கள் எழுதப்படும் வரிசைக்கும் மேடையில் ஆட்கள் ஏறும் வரிசைக்கும் தலைகீழான உறவு இருக்கிறது. தட்டியில் கடைசியாக, சின்ன எழுத்தில் இருப்பவர்தான் மேடைக்கு முதலில் வருவார். அப்போது அரங்கு பாதி காலி. வந்தவர்களும் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். இதை 'முன்கச்சேரி' என்று சொல்லிக்கொள்வோம். வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது வெறும் நிர்வாக ஏற்பாடு. ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் இசைகளைப் பொறுத்தவரை, யார் முன்னால் யார் பின்னால் என்பது யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கேள்வியை மறைக்கவும் செய்தது, வெளிக்கொண்டுவரவும் செய்தது.

தேவாலயப் பாட்டின் உருக்கத்தை உலகியல் காதலுக்குள் கொண்டுவந்தது சோல். அந்தக் குரலின் இடத்தில் தாளத்தை உட்காரவைத்தது ஃபங்க். ஜேம்ஸ் பிரவுன் 1967இல் 'கோல்ட் ஸ்வெட்' பாட்டில் செய்தது இதைத்தான்: கித்தார், ஊதுகுழல், தொண்டை எல்லாமே தாள வாத்தியங்களாகின்றன, சுற்றின் முதல் அடியில் முழுக் கனமும் விழுகிறது. முதல் அடிக்கு இத்தனை மரியாதை தரும் இசை, முதலில் மேடையேறுகிறவருக்கு என்ன மரியாதை தந்தது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கறுப்பர்களுக்கான அரங்குகளைச் சுற்றிவந்த குழுக்களின் நிகழ்ச்சியில் முன்கச்சேரி என்று தனியாக ஒன்று வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. குழுவே முதலில் வாசிக்கும். குழுவின் துணைப் பாடகர்கள் பாடுவார்கள். பிறகு கட்டியக்காரனைப் போல ஒருவர் வந்து நாயகனின் பெருமைகளை அடுக்கி அழைப்பார். 1962 அக்டோபரில் நியூயார்க் அப்பல்லோ அரங்கில் பிரவுன் தன் சொந்தக் காசில் பதிவு செய்த நிகழ்ச்சி இப்படியான அறிமுகத்தோடுதான் தொடங்குகிறது. இங்கே முன்வரிசை என்பது ஏணியின் கீழ்ப்படி. ஏறலாம் என்ற நம்பிக்கை உண்டு.

இதை ரொம்பவும் புனிதப்படுத்திவிட வேண்டாம். தப்பாக வாசித்தால் அபராதம் போடும் முதலாளிதான் பிரவுனும். 1970 மார்ச்சில் அவருடைய குழு வெளிநடப்புச் செய்தது. சாக்ஸபோன் கலைஞர் மேசியோ பார்க்கர் அதில் ஒருவர். உடனே சின்சினாட்டியிலிருந்து பதினெட்டு வயது பூட்ஸி காலின்ஸும் கூட்டாளிகளும் வரவழைக்கப்பட்டு, ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரில் மேடையேற்றப்பட்டார்கள். தொழிற்சங்க மொழியில் சொன்னால் கருங்காலி வேலை. அந்தப் பையன்களுக்கு அது தெரிந்திருக்குமா என்பது வேற விஷயம்.

இனி வெள்ளை ராக் இசையின் மைதானங்களுக்கு வருவோம். 1964இல் சான்டா மோனிக்காவில் படமாக்கப்பட்ட 'டி.ஏ.எம்.ஐ. ஷோ'வில் பிரவுன் ஆடி முடித்த பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தார்கள். அவருக்குப் பின்னால் மேடையேறியது பெரும் தவறு என்று கீத் ரிச்சர்ட்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் நிறைவுக் கச்சேரி ஸ்டோன்ஸுக்குத்தான். அப்புறம் அதுவே வழக்கமானது: 1966லும் 1969லும் ஐக், டினா டர்னர், 1972இல் ஸ்டீவி வொண்டர், 1975லும் 1976லும் நியூ ஆர்லியன்சின் மீட்டர்ஸ்.

ஸ்டோன்ஸுக்குக் கறுப்பிசை மேல் மரியாதை இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தாங்கள் தோன்ற வேண்டுமானால் ஹௌலிங் வுல்ஃபும் வர வேண்டும் என்று நின்றவர்கள் அவர்கள். 1972இன் பயணம் ஸ்டீவி வொண்டரை வெள்ளை ரசிகர்களிடம் கொண்டுபோனது என்பதும் நிஜம். ஆனால் தனிமனித மரியாதை வேறு, அமைப்பு வேறு. குருவை அழைத்துவந்து தனக்கு முன்னால் பாடவைக்கிறபோது சீடன் நன்றி செலுத்துகிறான். அதே சமயம் குருவைத் தனக்கான முன்னுரையாகவும் மாற்றிவிடுகிறான்.

மீட்டர்ஸின் கதை இன்னும் கூர்மையானது. 1965இல் உருவான இந்தக் குழு ஆலன் டூசானின் ஒலிப்பதிவுகளுக்கு வாசித்தது. டாக்டர் ஜானின் 'ரைட் பிளேஸ், ராங் டைம்' (1973), லபெல்லின் 'லேடி மார்மலேட்' (1974) ஆகியவற்றின் முதுகெலும்பு இவர்கள்தான். பாட்டு ஊரெல்லாம் தெரியும், வாசித்தவன் பெயர் தெரியாது. ஸ்டோன்ஸோடு உலகம் சுற்றிவந்த மறு ஆண்டே, 1977இல், குழு கலைந்தது. பிறகு ஹிப்-ஹாப் காரர்கள் அவர்களுடைய தாளத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தங்கள் பாட்டுகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள். இசைத்தட்டிலும் மேடையிலும் அவர்கள் இருந்த இடம் ஒன்றே: இன்னொருவருக்கு முன்னால், அல்லது இன்னொருவருக்குக் கீழே.

இதன் வன்முறை வெளிப்படையாகத் தெரிந்தது 1981 அக்டோபரில். லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் ஸ்டோன்ஸுக்கு முன் பாட வந்த இளைஞர் பிரின்ஸைக் கூட்டம் கத்தி, கையில் கிடைத்ததை விட்டெறிந்து துரத்தியது. மேடையில் நின்றது ஒரு கறுப்பு உடல். அதுவும் ஆண்மையின் வழக்கமான உடுப்பை மறுத்த உடல். தங்களுக்குப் பிடித்த இசையின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கூட்டம் அறிந்திருக்கவில்லை. அறியவேண்டிய தேவையே அதற்கு இல்லாதபடிதான் மேடை வரிசை பார்த்துக்கொண்டது.

இதற்கு எதிர்நிலையில் வைத்துப் பார்க்க வேண்டியது, ஜார்ஜ் கிளின்டனின் பார்லமென்ட்-ஃபங்கடெலிக் 1976 அக்டோபரில் நியூ ஆர்லியன்சில் தொடங்கிய பயணம். மேடையில் விண்கலம் இறங்கியதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நம் கவனம் முன்கச்சேரியின் மேல். அதை நடத்தியது பூட்ஸியின் 'ரப்பர் பேண்ட்'. அதில் ஊதியவர்களில் மேசியோ பார்க்கரும் உண்டு! அன்று வேலைநிறுத்தம் செய்தவரும் அவருடைய இடத்தை நிரப்ப வந்தவரும் ஆறு வருடம் கழித்து ஒரே குழுவில். அபராதம் போட்ட முதலாளி இருவருக்கும் பழைய கதையாகிவிட்டார். முன்கச்சேரிக் காரர்களே கிளின்டனின் இசைத்தட்டுகளிலும் வாசித்தவர்கள் என்பதால், இங்கே 'முன்' 'பின்' என்ற பிரிவே கலங்கிப்போகிறது. பணமும் உரிமையும் பிற்பாடு இந்தக் கூட்டத்திலும் வழக்குகளாக வெடித்தன என்பது உண்மை. ஆனால் மேடையில், அந்தச் சில மணிநேரம், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக நின்றார்கள்.

2018இல் மீட்டர்ஸுக்கு வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது கிடைத்தது. குழுவைத் தொடங்கிய ஆர்ட் நெவில் மறு ஆண்டு இறந்தார். விருது நல்லதுதான். ஆனால் அது தாமதமாகப் பெயர் சொல்கிற செயலே தவிர, மேடை வரிசையைத் திருத்தி எழுதுவது ஆகாது. அதை எழுத வேண்டுமானால், இசை வரலாற்றைத் தட்டியின் பெரிய எழுத்திலிருந்து அல்ல, அரங்கு நிறைவதற்கு முன்னால் வாசித்துவிட்டு இறங்கிப்போனவர்களிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.