அன்னியர் சட்டமும் கட்சி மாறிய தலைவர்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் துறைமுகத்தை அடைந்த கப்பல்களில் இருவகைப் பயணிகள் இருந்தனர். அறை பெற்றுச் சுகமாகப் பயணஞ் செய்தவர்கள் ஒரு வகையினர்; குறைந்த கட்டணத்தில் கீழ்த்தட்டில் ஒடுங்கி வந்தவர்கள் மற்றொரு வகையினர். 1905ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய அன்னியர் சட்டம் முன்னவரை விசாரணையின்றிக் கரையிறங்க விட்டது. பின்னவரையோ, பிழைக்க வழியுண்டா, நோயுண்டா, குற்றத் தண்டனையுண்டா என்று சோதிக்கப் பணித்தது. அச்சட்டம் பிறந்த கதை, செல்வமும் அரசியலும் மனச்சான்றும் ஒன்றோடொன்று மோதிய கதையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரித்தானியா தன் வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. 1881ஆம் ஆண்டில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டபின், அந்நாட்டு யூதர்மீது கலகக்காரர் பாய்ந்தனர். உயிர் தப்பியோரிற் பலர் கிழக்கு இலண்டனில் வைட்சாப்பல், ஸ்டெப்னி ஆகிய பகுதிகளிற் குடியேறித் தையல், சப்பாத்துத் தொழில் முதலியவற்றில் ஈடுபட்டனர். நெருக்கம் மிகுந்தது, வீட்டு வாடகை உயர்ந்தது, உள்ளூர்த் தொழிலாளரின் மனக்குறையும் வளர்ந்தது. 1901ஆம் ஆண்டில் பிரித்தானியச் சகோதரர் சங்கம் தோன்றியது. ஸ்டெப்னி உறுப்பினராகிய மேஜர் எவன்ஸ்-கோர்டன் குடிவரவுக் கட்டுப்பாட்டிற்காகப் பாராளுமன்றத்தில் ஓயாது வாதாடினார்.

1902ஆம் ஆண்டில் இதனை ஆராய அரச ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. அதில் அமர்ந்தவர்களுள் ஒருவர், புகழ்பெற்ற வங்கிக் குடும்பத்தவரான ரொத்ஸ்சைல்ட் பிரபு. இவர் இருபது ஆண்டுகள் லிபரல் கட்சி உறுப்பினராய் இருந்தவர். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் பிரச்சினையில் 1886ஆம் ஆண்டு அக்கட்சி பிளவுற்றபோது அதனை நீங்கிக் கன்சர்வேட்டிவ் அணியின் பக்கஞ் சாய்ந்தவர். இப்பொழுது அந்தப் புதிய நண்பர்களே தம் இனத்து ஏழைகளுக்கு வாயிலை அடைக்க முற்பட்டனர். 1903ஆம் ஆண்டில் ஆணைக்குழு கட்டுப்பாட்டை விதந்துரைத்தபோது, உள்நாட்டு இலாகாவின் உயர் அதிகாரியான சேர் கெனெல்ம் டிக்பியுடன் சேர்ந்து அவர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்.

மறுபக்கத்தில் நின்றவர் ஜோசப் சேம்பர்லேன். பர்மிங்ஹாமில் திருகாணி உற்பத்தியாற் பெருஞ் செல்வம் ஈட்டிய இவரும் 1886ஆம் ஆண்டில் லிபரல் கட்சியைத் துறந்தவரே. பிறநாட்டுப் பண்டங்களுக்குக் காப்புவரி விதிக்க வேண்டுமென 1903ஆம் ஆண்டில் இவர் தொடங்கிய இயக்கம், கன்சர்வேட்டிவ் அணியையும் பிளந்தது. 1904ஆம் ஆண்டு இறுதியில், கிழக்கு இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியிற் பேசிய அவர், அன்னியப் பண்டத்தையும் அன்னியத் தொழிலாளரையும் ஒரே தராசில் வைத்தார்.

அதே தராசை எதிர்த்திசையிற் பிடித்தவர் இளைஞரான வின்ஸ்டன் சேர்ச்சில். தடையில்லா வாணிகத்தை ஆதரித்த அவர், 1904ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு லிபரல் ஆசனத்தில் அமர்ந்தார். அவ்வாண்டு கொண்டுவரப்பட்ட முதல் அன்னியர் மசோதாவை ஊக்கத்தோடு எதிர்த்தார், அது கைவிடப்பட்டது. அவர் போட்டியிடவிருந்த மான்செஸ்டர் தொகுதியில் யூத வாக்காளர் கணிசமாக இருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது. கொள்கையும் தேர்தற் கணக்கும் அங்கே ஒரே வழியிற் சென்றன.

பிரதம மந்திரி பல்பர் அடுத்த ஆண்டு இரண்டாம் மசோதாவை நிறைவேற்றினார். எனினும், சமய, அரசியற் கொடுமைக்கு அஞ்சி வந்தவரை வறுமையை மட்டும் காரணங்காட்டித் தடுக்கலாகாது என்னும் விதி அதில் இடம்பெற்றது. 1906ஆம் ஆண்டுத் தேர்தலில் லிபரல் கட்சி ஏறத்தாழ 400 இடங்களைக் கைப்பற்றியது. ஆயினும், எதிர்க்கட்சியில் இருந்தபோது தான் கண்டித்த சட்டத்தை அது நீக்கவில்லை. ஓரளவு இளக்கமாக நடத்தியதோடு நின்றது. 1910ஆம் ஆண்டில் சேர்ச்சிலே உள்நாட்டு மந்திரியாகிய பின்னரும் அது நிலைத்தது. முதலாம் உலகப்போர் மேலுங் கடுமையான சட்டங்களைக் கொணர்ந்தது. 1919ஆம் ஆண்டில் பழைய சட்டம் நீக்கப்பட்டபோது, அகதிக்குக் காப்பளித்த அந்த ஒரு விதியும் உடன் மறைந்தது.

1906ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் சேர்ச்சிலிடந் தோற்று, 1908ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் ஜோய்ன்சன்-ஹிக்ஸ். 1924ஆம் ஆண்டில் போல்ட்வின் அமைத்த கன்சர்வேட்டிவ் மந்திரி சபையில், பழைய கட்சிக்குத் திரும்பிய சேர்ச்சில் நிதி மந்திரியானார். அன்னியர்பாற் கடுமைக்குப் பெயர்பெற்ற ஜோய்ன்சன்-ஹிக்ஸ் உள்நாட்டு மந்திரியானார். எதிரிகள் இருவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர்.

தலைவர்கள் கட்சி மாறினர், மீண்டும் மாறினர். அவர்களுக்கு ஒவ்வொரு கரையிலும் ஓர் ஆசனங் காத்திருந்தது. கப்பலின் கீழ்த்தட்டிலே வந்தவனுக்கு ஒரு கரையே உண்டு. அக்கரையிற் கால்வைக்க அவனுக்கிருந்த உரிமையே இத்தனை மாற்றங்களுக்கிடையில் தேய்ந்து போயிற்று.