மூட்டுவாதமும் புற்றுநோயும்: ஒரு பயத்தின் வரலாறு



எமது வீடுகளில் மூட்டுவாதத்திற்கு மருந்து எடுப்பவர்கள் பலர். "இந்த மருந்து புற்றுநோயைக் கொண்டுவருமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வைத்தியரிடம் சொல்லாமலே குளிசையை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இந்தப் பயத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் முதற் பக்கங்கள் ஜேர்மன் வைத்தியர்கள் எழுதியவை.

1863இல் லைப்சிக் நகர வைத்தியர் ஏர்ன்ஸ்ட் வாக்னர், தசைகள் அழற்சியுற்று வலுவிழக்கும் அரிய நோயொன்றைப் பதிவு செய்தார். தோலும் சேர்ந்து பாதிக்கப்படும் வகைக்கு 1891இல் ஹைன்றிக் உன்வெறிக்ட் 'டெர்மற்றோமயோசிற்றிஸ்' என்று பெயரிட்டார். எம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி எம் உடலையே தாக்குவதால் வரும் நோய் இது. மூட்டுவாதமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

1916, முதலாம் உலகப்போர்க் காலம். இத்தசைநோய் கண்ட ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோயும் இருந்ததை கேயோர்க் ஸ்டேர்ட்ஸ் என்ற வைத்தியர் எழுதினார். இன்று நாம் பயப்படும் மருந்துகள் எவையும் அப்போது இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு நோயாளியை வைத்து முடிவு கட்ட முடியாது. 2001இல்தான் சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்நோய் கண்ட 618 பேரில் 198 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. சிலருக்கு அது முன்னரே வந்திருந்தது. பலருக்குப் பின்னர் வந்தது.

அப்படியானால் மூட்டுவாதத்தில் குற்றவாளி நோயா, மருந்தா? 2006இல் சுவீடனில் வெளியான ஆய்வு, அழற்சி நீண்டகாலம் கடுமையாக இருந்தவர்களுக்கே நிணநீர்ப் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம் என்றது. பேர்லின் ஆய்வு நிலையம் 2001இல் தொடங்கிய 'றபிற்' பதிவேட்டில் 5,120 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2010இல் முடிவு வெளியிட்டார்கள். புதிய ஊசி மருந்துகள் எடுத்தவர்களுக்கும் பழைய மருந்துகள் எடுத்தவர்களுக்கும் புற்றுநோயில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. 'ஜக்' தடுப்பான் வகைக் குளிசைகளை 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் வேறு வழி இல்லாதபோதே கொடுக்கவேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் 2023இல் எச்சரித்தது. ஆகவே மருந்தின் பெயரைச் சொல்லி வைத்தியரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்தினால் அழற்சி திரும்பவும் மூளும்.

இன்னும் இரண்டு விடயங்கள். தசைநோயில் கண்ணிமையில் வரும் ஊதாநிறம் எமது மாநிறத் தோலில் இலகுவில் தெரியாது; கை தூக்கவும் படியேறவும் கஷ்டமென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்திருந்தால், ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அதை மறைக்காதீர்கள். மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகளிடமும் சொல்லி அனுப்புங்கள். வைத்தியருக்குத் தெரியாததை அவரால் தேடிப் பார்க்க முடியாது.