சிரியஸ் கப்பலும் எங்கள் ஜெனரேட்டரும்

போன மாதம் மும்பைத் துறைமுகத்தில் எங்கள் படகின் ஜெனரேட்டர் சூடேறி நின்றுபோனது. கடல்நீர் வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே ஒரு பால் பாக்கெட் உறை!

இது பழைய தலைவலிதாங்க. ஆரம்பகால நீராவிக் கப்பல்கள் கடல்நீரையே பாய்லரில் காய்ச்சின. உப்பு பாறையாகப் படியும். அதைக் குறைக்கக் கொதிநீரை அடிக்கடி வெளியேற்றினால் நிலக்கரி வீண். சாமுவேல் ஹால் 1834-ல் காப்புரிமை பெற்ற கண்டென்சரில் நீராவி குழாய்க்குள் குளிர்ந்து, நன்னீராகிப் பாய்லருக்கே திரும்பும். கடல்நீர் வெளியே ஓடிக் குளிரவைப்பதோடு சரி. அதைப் பொருத்திய சிரியஸ், 1838 ஏப்ரலில் அயர்லாந்தின் கார்க்கிலிருந்து 18 நாளில் நியூயார்க் சேர்ந்தது.

எங்கள் ஜெனரேட்டரிலும் நன்னீர் உள்ளே, கடல்நீர் வெளியே. ஆனால் கடல்நீர் வரும் வழி அடைத்தால் எஞ்சின் காலி. இப்போது பெரிய வடிகட்டியும், பம்ப் உறிஞ்சும்போது சப்பிப்போகாத கம்பிச்சுருள் ஹோஸும் போட்டாச்சு. உப்புக்கு ஹால் வழி சொல்லிவிட்டார். பால் பாக்கெட்டைக் கடலில் போடாமலிருப்பது நம் கையில்தான்.