ஒப்பந்த மருந்து உற்பத்தி

ஒப்பந்த மருந்து உற்பத்தி என்பது, ஒரு நிறுவனம் தன் வணிகப்பெயரில் விற்கும் மருந்தைத் தானே தயாரிக்காமல், வேறொரு நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தி அதன் தொழிற்சாலையில் தயாரித்துப் பெறும் முறையாகும். பிற துறைகளில் அயலாக்கம் எனப்படும் வணிகமுறையின் மருந்துத்துறை வடிவம் இது. இவ்வாறு தயாரித்துக் கொடுப்பவை ஒப்பந்த உற்பத்தி நிறுவனங்கள் அல்லது சுருக்கமாகச் சிஎம்ஓ எனப்படுகின்றன. மருந்தின் செய்முறையை வகுப்பதிலும் பங்குகொள்ளும் நிறுவனங்களுக்குச் சிடிஎம்ஓ என்ற பெயர் வழங்குகிறது.

இந்தியாவில் விற்கப்படும் பல மாத்திரை அட்டைகளின் பின்புறத்தில், தயாரித்தவர் பெயரும் சந்தைப்படுத்துபவர் பெயரும் தனித்தனியே ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இரண்டும் வேறு நிறுவனங்களாக இருப்பின், அம்மருந்து பெரும்பாலும் இம்முறையில் தயாரானது. நோயாளி நம்பி வாங்குவது பெரிய எழுத்தில் உள்ள வணிகப்பெயரை. மருந்து எங்கே உருவானது என்பதைச் சொல்வதோ சிறிய எழுத்தில் உள்ள முகவரி.

ஒப்படைக்கப்படும் பணிகள்

மருந்து உற்பத்தியில் மூன்று கட்டங்கள் உள்ளன. நோயின் மீது செயல்படும் வேதிப்பொருளை அல்லது உயிரியல் பொருளைத் தயாரிப்பது முதற்கட்டம். இதுவே மருந்தின் மூலப்பொருள். அதனுடன் மாவுப்பொருள், நிறமி, பாதுகாப்புப் பொருள் முதலியவற்றைச் சேர்த்து மாத்திரையாகவோ ஊசிமருந்தாகவோ பாகாகவோ ஆக்குவது இரண்டாம் கட்டம். குப்பியில் அல்லது அட்டையில் அடைத்து லேபிள் ஒட்டுவது மூன்றாம் கட்டம். இவற்றில் ஒன்றையோ மூன்றையுமோ வெளியே ஒப்படைக்கலாம். ஒரே மருந்தின் மூலப்பொருள் ஒரு நாட்டிலும், மாத்திரை மற்றொரு நாட்டிலும், பொதி இன்னொரு நாட்டிலும் உருவாவது இத்துறையில் வியப்புக்குரியதன்று.

காரணங்கள்

செலவுக் குறைப்பே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அது பாதி உண்மையே. சில மருந்துகளுக்கு எல்லாத் தொழிற்சாலைகளிலும் இல்லாத வசதிகள் தேவை. பெனிசிலின் ஒவ்வாமை உடையவர்களுக்கு அதன் சிறு துகளும் ஆபத்தானது என்பதால், பெனிசிலினைப் பிற மருந்துகளிலிருந்து பிரிக்கப்பட்ட தனி இடத்திலேயே தயாரிக்க வேண்டும். உறையவைத்து உலர்த்தும் ஊசிமருந்துகள், புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றுக்கும் தனிக் கட்டமைப்பு தேவைப்படுகிறது. ஆண்டுக்குச் சில தொகுதிகள் மட்டுமே விற்கும் மருந்துக்காக இத்தகைய கூடத்தைக் கட்டுவது எவருக்கும் கட்டுப்படியாகாது.

புதிய மருந்தை உருவாக்கும் சிறு நிறுவனங்களிடம் தொழிற்சாலையே இருப்பதில்லை. மனிதர்களிடம் செய்யும் சோதனையில் மருந்து தோற்றுவிட்டால், முன்கூட்டிக் கட்டிய ஆலை வீணாகும். ஆகவே அவை வெளியிடத்தை நாடுகின்றன.

வரலாறு

அமெரிக்கரான ராபர்ட் பாலி செரர் 1930களில் மென்பொதியுறைகளைச் செய்யும் சுழல் அச்சு இயந்திரத்தை உருவாக்கினார். மீன் எண்ணெய் மாத்திரைகள் என நாம் அறிந்தவை இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தொழில்நுட்பத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பிற நிறுவனங்களின் மருந்துகளைப் பொதியுறையில் அடைத்துக் கொடுத்தது அவருடைய நிறுவனம். அதன் வழிவந்த கேட்டலன்ட் 2007இல் தனி நிறுவனமாகி, இத்துறையின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2024 இறுதியில் நோவோ ஹோல்டிங்ஸ் அதனை 1,650 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் மூன்று ஆலைகள், எடைகுறைப்பு ஊசிகளைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்துக்குச் சென்றன. பிறருக்காக மருந்து அடைத்த ஆலைகளை ஒரு வாடிக்கையாளரே வாங்கிக்கொண்டது, ஆலை வசதி எவ்வளவு அரிதாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது.

சுவிட்சர்லாந்தின் லோன்சா 1897இல் மின்னுற்பத்தி நிறுவனமாகத் தொடங்கியது. 2020 மே மாதம் மொடர்னாவின் கோவிட் தடுப்பூசிக்கான மூலப்பொருளைத் தயாரிக்க 10 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு மருந்துகளை வேறு செய்முறையில் தயாரித்து விற்கும் வழி குறுகியது. பல நிறுவனங்கள் ஒப்பந்த உற்பத்தியில் கூடுதல் கவனம் செலுத்தின. பிரமல் நிறுவனம் 2006இல் இங்கிலாந்தின் மார்பெத்தில் இருந்த ஃபைசரின் ஆலையை வாங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆலைகள் நடத்திய சாசன் நிறுவனமும் அதே ஆண்டில் ரோடியாவின் மருந்துப் பிரிவை வாங்கியது. உள்நாட்டுச் சந்தைக்கான ஒப்பந்த உற்பத்தி இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி பகுதியில் பெருகியதற்குக் காரணம் வேறு. 2003இல் அம்மாநிலத்துக்கு அறிவிக்கப்பட்ட கலால் வரி விலக்கே ஆலைகளை அங்கு ஈர்த்தது.

நடைமுறை

செய்முறையை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரே தூள் வேறொரு கலவை இயந்திரத்தில் வேறுவிதமாகக் கலக்கும். கலக்கும் நேரம், ஈரப்பதம், மாத்திரையை அழுத்தும் விசை ஆகியவை புதிய ஆலைக்கேற்பத் திரும்ப வகுக்கப்படும். இது தொழில்நுட்ப மாற்றம் எனப்படுகிறது. பின்னர் சோதனைத் தொகுதிகள் தயாரிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே தரம் கிடைக்கிறதா எனப் பார்க்கப்படும்.

வணிக ஒப்பந்தத்துடன் தர உடன்படிக்கை என்னும் தனி ஆவணமும் எழுதப்படுகிறது. மூலப்பொருளைச் சோதிப்பவர் யார், செய்முறையை மாற்ற யாருடைய ஒப்புதல் தேவை, ஒரு தொகுதியைச் சந்தைக்கு விடுவிப்பவர் யார், புகார் வந்தால் ஆராய்பவர் யார் என்பவற்றை இது வரையறுக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, வேலையை ஏற்றவர் முன் ஒப்புதலின்றி அதனை மூன்றாம் தரப்புக்கு மாற்றிவிட இயலாது.

சட்டப் பொறுப்பு

வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பதே பல நாட்டுச் சட்டங்களின் நிலைப்பாடு. எஃப்டிஏ என்னும் ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஒப்பந்த ஆலையை மருந்து நிறுவனத்தின் சொந்த ஆலையின் நீட்சியாகவே கருதுகிறது.

இந்தியாவில் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் லோன் லைசென்ஸ் என்னும் ஏற்பாட்டை அனுமதிக்கின்றன. சொந்த ஆலை இல்லாதவர், உரிமம் பெற்ற வேறொருவரின் ஆலையில் தயாரித்துக்கொள்ள இதன்மூலம் தாமே உரிமம் பெறலாம். ஆனால் ஆலை உரிமையாளரே தம் உரிமத்தில் தயாரித்து, இன்னொருவரின் வணிகப்பெயரில் கொடுக்கும் முறையே பெரிதும் பரவியது. இதில் விற்பவருக்கு உற்பத்தி உரிமம் தேவையில்லை. மருந்து தரமற்றது என்று கண்டறியப்பட்டால் வழக்கின் சுமை தயாரித்தவர் மீதே விழுந்தது. 2020இல் அறிவிக்கப்பட்டு 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சந்தைப்படுத்துபவரையும் மருந்தின் தரத்துக்குப் பொறுப்பாக்கியது. காலம் தாழ்ந்த திருத்தம் என்றே இதனைக் கூற வேண்டும்.

பால்ட்டிமோர் நிகழ்வு

எமர்ஜென்ட் பயோசொல்யூசன்ஸ் நிறுவனத்தின் பால்ட்டிமோர் ஆலை 2020-21இல் ஜான்சன் அன்ட் ஜான்சன், ஆஸ்ட்ராசெனகா ஆகிய இரு நிறுவனங்களின் கோவிட் தடுப்பூசி மூலப்பொருள்களையும் ஒரே வளாகத்தில் தயாரித்தது. இரண்டும் தீங்கற்றதாக மாற்றப்பட்ட அடினோ வைரசுகளை அடிப்படையாகக் கொண்டவை. ஒன்றின் வைரசு மற்றொன்றின் தொகுதியில் கலந்தது 2021 மார்ச்சில் தெரியவந்தது. ஏறத்தாழ 1.5 கோடி தடுப்பூசிகளுக்கான பொருள் வீணாயிற்று. அடுத்த மாதம் ஆய்வு செய்த எஃப்டிஏ, உரிந்த வண்ணப்பூச்சு, கழிவுப் பைகளைக் கையாண்ட விதம், பணியாளர்களின் பயிற்சிக் குறைவு ஆகியவற்றைக் குறிப்பிட்டது. ஆஸ்ட்ராசெனகாவின் உற்பத்தி அங்கிருந்து அகற்றப்பட்டது. ஏறக்குறைய 40 கோடி தடுப்பூசிகளுக்கான பொருள் பயனற்றுப்போனதாக 2022 மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கை கூறியது.

சென்னைக் கண் சொட்டு மருந்து

2023இல் அமெரிக்காவில் எஸ்ரிகேர் என்னும் பெயரில் விற்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, சென்னைக்கு அருகிலுள்ள குளோபல் பார்மா ஹெல்த்கேர் ஆலையில் தயாரானது. அதனை இறக்குமதி செய்தது வேறொரு நிறுவனம், விற்றது மற்றொன்று. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியா தொற்றியவர்கள், பல வகைச் சொட்டு மருந்துகளுள் இதனையே அதிகம் பயன்படுத்தியிருந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. பிரிக்கப்பட்ட குப்பிகளிலும் அப்பாக்டீரியா காணப்பட்டது. 2023 மே மாதம் வரை 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். 14 பேர் பார்வை இழந்தனர், நால்வரின் கண்கள் அகற்றப்பட்டன, நால்வர் இறந்தனர்.

பலமுறை திறந்து பயன்படுத்தும் குப்பியாக இருந்தும் போதிய பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படாததையும், நுண்ணுயிர்ச் சோதனை இல்லாததையும் எஃப்டிஏ சுட்டிக்காட்டியது. பிப்ரவரியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. எஃப்டிஏ அதிகாரிகள் ஆலையை நேரில் ஆய்வு செய்தது அதன் பின்னரே. குப்பியின் மேல் தன் பெயரை இட்டிருந்த நிறுவனமோ, லேபிளை வடிவமைத்து விற்றது மட்டுமே தன் பங்கு என விளக்கம் அளித்தது. வாங்கியவர்கள் அறிந்திருந்தது அந்தப் பெயரை மட்டுமே.

மருந்து யாருக்குச் சொந்தம்

ஒப்பந்த ஆலை ஒரு நாட்டில் இருப்பதால் மருந்தும் அந்நாட்டுக்குக் கிடைக்கும் என்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் கெபேகா நகரில் உள்ள ஆஸ்பென் ஆலை, ஜான்சன் அன்ட் ஜான்சன் தடுப்பூசியைக் குப்பிகளில் அடைத்துக் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசிப் பற்றாக்குறை நிலவிய 2021இல், அங்கே அடைக்கப்பட்டவற்றுள் பல இலட்சக்கணக்கானவை ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டது வெளியாகிக் கடும் கண்டனம் எழுந்தது. ஆஸ்பென் கட்டணத்துக்கு வேலை செய்தது, குப்பிகள் எங்கே செல்லவேண்டும் என்பதை முடிவு செய்தது ஜான்சன் அன்ட் ஜான்சன். அவ்வாண்டு செப்டம்பரில் இந்த ஏற்றுமதி நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் ஆஸ்பெனோவாக்ஸ் என்னும் சொந்தப் பெயரில் விற்கும் உரிமத்தை ஆஸ்பென் பெற்றது. ஆனால் அதற்குள் தேவை குறைந்துவிட்டது. அந்தப் பெயரிலான தடுப்பூசிக்குக் கொள்முதல் ஆணை எதுவும் வரவில்லை.