பெரியண்ணனும் சின்னண்ணனும்

சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் ஊழியம் செய்த மேனாட்டு மிஷனெரிமார், கல்வியாலும் வைத்தியத்தாலும் ஜனங்களுக்கு அரிய உபகாரம் புரிந்தனர் எனினும், மதில் சூழ்ந்த பங்களாவில் பட்லரும் பங்கா இழுப்பவனும் பணிசெய்ய அவர்களுட் பலர் நடத்திய ஜீவியத்துக்கும், ஓலைக் குடிசைகளில் வசித்த சபையாரின் ஜீவியத்துக்கும் இடையே கிடந்த தூரத்தை எந்தப் பிரசங்கமும் குறைத்துவிடவில்லை.

அத்தூரத்தைக் குறைக்கத் துணிந்தோருள் டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் முக்கியமானவர்கள். முன்னவர் தமிழர், பின்னவர் ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலைகளால் பெருந்தனம் ஈட்டிய குடும்பத்துப் பிள்ளை. சீமையில் வைத்தியம் கற்ற இவ்விருவரும், 1921-ல், அந்நாளில் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்து, விவாகத்தைத் துறந்து, கதர் உடுத்து, தரையில் அமர்ந்து எளிய உணவு உண்டு, சுற்றுப்புறக் கிராமத்தாரின் பிணிகளுக்கு மருந்திட்டு வாழ்ந்தனர். சீஷத்துவம் என்பது ஞாயிறு ஆராதனையோடு முடியாமல் உடையிலும் உணவிலும் உறவிலும் விளங்கவேண்டும் என்பது அவர்கள் துணிபு. ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் யாவரும் அழைத்தனர். வெள்ளையரைத் துரை என்றே விளித்துப் பழகிய காலத்தில், ஆங்கில சாம்ராஜ்யத்துப் பிரஜையான ஒரு தனவந்தர் தமிழர் ஒருவருக்குத் தம்பியாக அமைந்தது சாமானியமன்று.

கோபுரமும் மண்டபமும் கொண்டு திராவிட சிற்ப முறையில் அவர்கள் எழுப்பிய ஜெபாலயத்தைக் கண்டு வியப்பவர் இன்றும் உண்டு. அழகிய கட்டடந்தான், ஆயினும் என் மனத்தை அதிகம் கவர்வது கல்லன்று, கதரே.

1932-ல், அந்நியத் துணிக்கடைகளின் முன் மறியல் நிகழ்ந்துகொண்டிருந்த நாட்களில், சென்னைக்கு வந்திருந்த பேட்டனைக் கதராடையில் கண்ட போலீசார், அவரை மறியலாளரின் அனுதாபி எனக் கருதித் தடியால் அடித்து, வர்ண நீரையும் அவர்மீது பீய்ச்சினர். நூலாலைச் சீமானின் மகன் கதருக்காக அடிபட்ட இவ்விந்தையைப் பற்றி லண்டன் பார்லிமெண்டிலும் கேள்வி எழுந்தது. அதற்குப் பின்னும் அவர் கதரை விடவில்லை.